போச்சா

விளையாட்டின் பெயர் போச்சா. எந்த இத்தாலிக்காரன் எந்த நேரத்தில் வைத்த பெயரோ, கோவில்பட்டியில் அதைக் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டார்கள். "எது போச்சு?"

கோவில்பட்டி ஹாக்கி ஊர். அங்கே மட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன்தான் விளையாட்டுக்காரன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு சறுக்குப் பலகை வழியாகத் தோல் பந்தை உருட்டிவிட்டு, தரையில் கிடக்கும் வெள்ளைப் பந்துக்கு அது எவ்வளவு கிட்டே போய் நிற்கிறது என்று பார்ப்பதெல்லாம் ஒரு விளையாட்டா என்று கேட்க ஊரில் ஆளுக்கா பஞ்சம்? செண்பகவல்லி மாநிலப் போட்டியில் ஜெயித்துவிட்டு வந்த அன்று வாழ்த்த வந்த பக்கத்து வீட்டு மாமா, கோப்பையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பந்த எடுத்து வைக்கது பேச்சித்தாயி. உருட்டுறது பலக. கப்பு மட்டும் நம்ம செண்பாவுக்கு. நல்ல வெளாட்டுதான்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

செண்பாவுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கையும் காலும் அவள் பேச்சை ஒரு நாளும் கேட்டதில்லை. கழுத்து கொஞ்சம் கேட்கும். நாக்கு பாதி கேட்கும். அறிவு மட்டும் முழுசாகக் கேட்கும். வீட்டில் சிலருக்கு அது கொஞ்சம் அதிகப்படி என்றே தோன்றும். அப்படிப்பட்டவள் எப்படிப் பந்து உருட்டுகிறாள் என்றால், துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று போச்சாவில் விதி இருக்கிறது. அந்த ஆள்தான் பேச்சித்தாய். செண்பாவின் அண்ணன் ஆவுடையப்பனைக் கட்டிக்கொண்டு வந்தவள், அவளுக்கு மதினி.

துணையாளுக்கு உள்ள விதி வேடிக்கையானது. ஆட்டக்களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்த்தால் தப்பு. வாயைத் திறந்து யோசனை சொன்னாலும் தப்பு. ஆடுகிறவள் களத்தைப் பார்த்து, கணக்குப் போட்டு, பலகையை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும், பந்தை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லுவாள். துணையாள் செய்யவேண்டியது அவ்வளவுதான். கடைசியில் நெற்றியில் கட்டிய குச்சியால் பந்தைத் தட்டிவிடுவதும் ஆடுகிறவள்தான். உலகத்திலேயே செண்பாவுக்கு மிகவும் பிடித்த விதி இது. மற்ற எல்லா இடத்திலும் அவள் சார்பில் நாலு பேர் முடிவெடுத்தார்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் அடுத்தவர் முதுகைக் காட்டியே தீர வேண்டும் என்று எவனோ புண்ணியவான் எழுதி வைத்திருந்தான்.

அதனால் மதினி ஒரு பந்து உருண்டுகூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் செண்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். "என்னட்டி, போச்சா வந்துச்சா?" என்று கேட்பாள். செண்பா பல்லைக் காட்டினால் வந்தது என்று அர்த்தம்.

கல்யாணமாகி வந்த புதிதில் நாத்தனார் பேசுவது ஓர் எழுத்தும் புரியாமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதவள் பேச்சித்தாய். இப்போது ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் செண்பாவின் பேச்சு முழுசும் புரியும். ஆவுடையப்பனுக்கே தங்கை என்ன சொல்கிறாள் என்று பெண்டாட்டியைக் கேட்டுத்தான் தெரியும். ரெண்டு பேரும் சண்டையும் போடுவார்கள். அது நடக்கும்போது அவன் பாவம், ஒரு பக்கத்து நியாயத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பான்.

களத்தில் அவர்களுக்குள் பேச்சு சுருக்கம். தச்சு வேலையில் சொல்லும் நூல் அளவுதான் கணக்கு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "ஒரு நூல் வலது. ஏத்து. போதும்." அவ்வளவே. இதில் மதினிக்குத் தெரியாத ஒரு சங்கதி இருந்தது. அவள் கையில் ஒரு சின்ன இழுப்பு உண்டு. முதுகைத் திருப்பியபடி பலகையை நகர்த்துவதால் எப்போதும் ஒரு நூல் இடப்பக்கமாகவே வைப்பாள். செண்பா அதை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டாள். நேராக வேண்டுமென்றால் ஒரு நூல் வலது என்பாள். வலது வேண்டுமென்றால் ரெண்டு என்பாள். பல வருடமாக இப்படித்தான். வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டுத் தனக்காக வந்து உட்காருகிறவளிடம், உன் கை கோணல் என்று எந்த வாயால் சொல்வது?

அப்புறம் துணைக்கை வந்தது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வேனில் அதைக் கொண்டுவந்து இறக்கியவன் யுகேந்திரன். நல்ல பையன். உட்கார்ந்து கண்ணுக்கு நேராகப் பார்த்துப் பேசுகிறவன். தலையில் மாட்ட ஒரு தொப்பி, நாற்காலிக்கு முன்னால் நிற்க ஓர் இயந்திரக் கை, கழுத்தில் தொங்கவிட ஒரு சின்னப் பெட்டி. மூன்றும் சேர்ந்ததுதான் துணைக்கை.

"நீங்க மனசுல நினைச்சாப் போதுங்க" என்றான் யுகேந்திரன். "தொப்பி அதைப் படிச்சுக்கும். கை பலகையை நகர்த்திப் பந்தை விட்டுரும். நெத்தியில குச்சி வேண்டாம், கூட ஆள் வேண்டாம். இந்தப் பெட்டி இருக்குது பாருங்க, நீங்க பேசறதைக் கேட்டு எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லிரும். போச்சா சங்கத்துல இந்த வருசத்துல இருந்து அனுமதியும் குடுத்துட்டாங்க."

"அப்ப நான்?" என்றாள் பேச்சித்தாய்.

"நீங்க பார்வையாளர் வரிசையில உக்காந்து கை தட்டலாங்க அக்கா."

மதினியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைச் செண்பா பார்த்தாள். உடனே அவள் அதை மறைத்துக்கொண்டதையும் பார்த்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்ட வேண்டும் என்று மதினிக்கு ரொம்ப நாள் ஆசை. லைசென்ஸ்கூட எடுத்து வைத்திருந்தாள். விளாத்திகுளத்தில் பிறந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கி எத்தனையோ வருடமாயிற்று. செண்பாவைச் சாப்பிட வைக்கவும், பயிற்சிக்குக் கூட்டிப் போகவும், அவள் சொன்னதை ஊருக்குச் சொல்லவும் வேறு ஆள் ஏது?

செண்பா சரி என்று சொன்னதற்குப் பாதிக் காரணம் அதுதான். மறுபாதி பக்கத்து வீட்டு மாமா. பந்து என்னுடையது என்று அந்த மனிதர் வாயாலேயே ஒரு நாள் சொல்ல வைக்க வேண்டும் என்ற வெறி அவளுக்கு இருந்தது. அதை மறைப்பானேன்.

பழக்குகிற நாட்களில் மதினியும் கூட இருந்தாள். வழக்கம்போல அவள் பலகையை நகர்த்த, செண்பா சொல்லச் சொல்ல, தொப்பி எல்லாவற்றையும் படித்துக்கொண்டது. பிறகு மதினியை எழுப்பிவிட்டு, கையை ஆட விட்டான் யுகேந்திரன். முதல் பந்து வலப்பக்கம் தள்ளிப் போய் நின்றது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"என்னங்க இது, எல்லாப் பந்தும் ஒரே அளவுல வலப்பக்கமே போகுதுங்க" என்று அவன் மண்டையைச் சொறிந்தான்.

"எங்கிட்ட இருந்த வரைக்கும் நேராத்தானய்யா போச்சுன்னு இவ சொன்னா?" என்றாள் மதினி, கையில் காப்பி டம்ளரோடு.

செண்பாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கருவி அவள் மனத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறது. மதினியின் இழுப்புக்காக அவள் கூட்டிச் சொன்ன ஒரு நூலையும் சேர்த்துப் படித்துவிட்டது. நேராக இருக்கும் இயந்திரக் கைக்கு அந்த ஒரு நூல் வேண்டாத சுமை. இதைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆனால் மதினி அங்கேயே நிற்கிறாள். பல வருடமாக உன் கை கோணலாக இருந்தது, நான் உன்னிடம் சொல்லாமல் சமாளித்தேன் என்று, புதுசாக வந்த ஒரு பையன் முன்னால், அதுவும் அவளை அனுப்பிவிடுகிற சமயத்தில், எப்படிச் சொல்வது?

"ஏன்னு உங்களுக்கு ஏதாச்சும் தோணுதுங்களா?" என்றான் யுகேந்திரன்.

"தெரியல" என்றாள் செண்பா.

பெட்டி தெளிவான பெண் குரலில் சொன்னது: "தெரியும்."

யுகேந்திரன் ஆவலாக அவள் முகத்தைப் பார்த்தான். செண்பா அவசரமாக இல்லையென்று தலையை ஆட்டினாள். பெட்டி தப்பாகக் கேட்டாலும் உண்மையைத்தான் சொல்லிவிட்டது. நல்லவேளை, எல்லாரும் அதைப் பெட்டியின் தப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

"அட, இது வேறயா" என்றான் அவன். "பேசி முடிக்கறப்ப உங்களுக்கு மூச்சு தீர்ந்து போகுதுங்க. கடைசி எழுத்து பெட்டிக்குக் கேக்கறதில்ல. அதனால மத்தவங்க பெரும்பாலும் எப்படி முடிப்பாங்களோ அப்படி அதுவே முடிச்சுக்குது. போகப் போகப் பழகிக்கும்."

தமிழில் வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் வாலில்தான் பிரிகின்றன. வரும், வராது; பிடிக்கும், பிடிக்காது. சரியாக அந்த வால் வரும்போதுதான் செண்பாவுக்கு மூச்சு முட்டும். வேறு ஏதாவது பாஷையில் பிறந்திருந்தால், மறுப்பை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிட்டு மிச்சத்தை மூச்சிருந்தால் சொல்லியிருப்பாள். மதினி காதால் கேட்பதோடு நிற்க மாட்டாள். கடைசி எழுத்து வரும்வரை உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். பெட்டிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

வலப்பக்க இழுப்புக்கு யுகேந்திரன் வேறு ஒரு வழி கண்டுபிடித்தான். அதற்குப் பெயர் திருத்தம்.

"நீங்க நினைக்கறதைக் கருவி எடுத்துக்கும். அதுல ஏதாச்சும் பிசகு இருந்தா, மேல இருக்கற கேமரா களத்தைப் பார்த்து அதுவே சரி பண்ணிக்குங்க."

"எது சரின்னு யாரு முடிவு பண்றது?" என்று செண்பா கேட்டாள். இதைப் பெட்டி ஒழுங்காகச் சொன்னது.

"கருவிதாங்க. உலகத்துல நடந்த அத்தனை ஆட்டத்தையும் அது பார்த்திருக்குது. நீங்க எதை விரும்புவீங்களோ அதைத்தான் செய்யும்."

விரும்புறீங்களோ என்று அவன் சொல்லவில்லை. விரும்புவீங்களோ என்றான். செண்பாவின் காதில் அது விழுந்தது. இன்னும் வாயைத் திறக்க நேரமிருந்தது. மதினி பக்கத்தில் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள். செண்பா பேசாமல் இருந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பந்துகள் போய் வெள்ளையோடு ஒட்டிக்கொண்டு நின்றன. மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று எல்லா இடத்திலும் ஜெயித்தாள். பேச்சித்தாய் பள்ளிக்கூட வேனில் ஏறி உட்கார்ந்தாள். விளாத்திகுளத்துக்குப் போய் ரெண்டு ராத்திரி தங்கிவிட்டு, பத்து வயசு குறைந்த முகத்தோடு திரும்பினாள். ஊர் செண்பாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. "யாரு துணையும் இல்லாம, தானாவே ஆடுதாம்லா!" என்று பக்கத்து வீட்டு மாமா தெருவில் நின்று எல்லாரிடமும் சொன்னார். மதினி உட்கார்ந்திருந்த காலத்தில், ஒவ்வொரு நூலும் அவள் கணக்காக இருந்தபோது, ஒருத்தரும் நம்பவில்லை. இப்போது எவ்வளவு தன் கணக்கு, எவ்வளவு கருவியின் கணக்கு என்று அவளுக்கே தெரியாதபோது, எல்லாரும் நம்பினார்கள்.

அது அவளுக்கு உறுத்தியது. உறுத்தினாலும் பிடித்திருந்தது. சில பந்துகள் தான் நினைத்ததைவிட நன்றாகப் போவதைக் கவனித்தாள். நானும் இதைத்தான் நினைத்தேன் என்று ஒவ்வொரு தடவையும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஜெயித்துக்கொண்டே இருக்கும்போது இப்படிச் சொல்லிக்கொள்வது ரொம்பச் சுலபம்.

அகில இந்தியப் போட்டி சென்னையில் நடந்தது. அதில் ஜெயிக்கிற ஒருத்திக்குத்தான் இந்திய அணியில் இடம். இறுதி ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவள் நிமிஷா, திருச்சூர்க்காரி. அவளிடம் கருவி இல்லை. அவளுடைய அப்பாதான் துணை. நரைத்த தாடியோடு அவர் களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மகள் சொல்லச் சொல்லப் பலகையை நகர்த்திய அந்தக் கைகளையே செண்பா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதினி மேலே பார்வையாளர் வரிசையில் இருந்தாள். வேன் வேலையால் மற்ற போட்டிகளுக்கு வர முடியாதவள், முதல் தடவையாகப் போட்டி ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கிறாள். ஒவ்வொரு பந்துக்கும் எழுந்து நின்றாள். பின்னால் இருந்தவர்கள் அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

கருவியோடு ஆடுகிறவர்களுக்குச் சங்கம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நடுவர் கடைசிப் பந்தைக் காட்டி, "உங்கள் பந்தா?" என்று கேட்பார். "என் பந்து" என்று ஆடியவர் சொல்ல வேண்டும். இல்லை என்று சொன்னால் அந்தப் பந்தை எடுத்துவிட்டு, அது நகர்த்திய பந்துகளைப் பழைய இடத்தில் வைத்துவிடுவார்கள். மனிதர்கள் வைத்த விதி, மனிதரின் வாயை நம்பி வைத்தது. அதுவரைக்கும் எந்த ஊரிலும் யாரும் இல்லை என்று சொன்னதாகக் கேள்வி இல்லை.

கடைசிச் சுற்று வரை ரெண்டு பேரும் சமம். நிமிஷா தன் பந்துகளையெல்லாம் போட்டுவிட்டாள். அவளுடைய நீலப் பந்து வெள்ளையை ஒட்டி நின்றது. அதற்குச் சற்று முன்னால் செண்பாவின் சிவப்புப் பந்து ஒன்று. இன்னும் ஒரே ஒரு சிவப்பு பாக்கி.

வழி ரெண்டு இருந்தது. பலகையை உயர்த்தி, பந்தை வேகமாக விட்டு, நீலத்தை அடித்து விரட்டுவது ஒன்று. எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். மற்றது, பந்தைத் தணிவாக விட்டு, முன்னால் நிற்கும் தன் சிவப்பை லேசாகத் தட்டி, அதை நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே நுழைப்பது. ரொம்பச் சிரமம், பாதி நேரம் தப்பிப்போகும். ஆனால் அது செண்பாவின் ஆட்டம். மதினியும் அவளும் அதற்குக் கதவு தட்டுவது என்று பெயர் வைத்திருந்தார்கள். செண்பா அடிக்கிற ஆட்டக்காரி அல்ல, தட்டுகிற ஆட்டக்காரி.

மேலே மதினி பார்த்துக்கொண்டிருக்கிறாள். தன் ஆட்டத்தை அவளுக்குக் காட்ட வேண்டும். செண்பா மனசு முழுக்கத் தட்டு என்று நினைத்தாள்.

இயந்திரக் கை பலகையை உயர்த்தியது.

இறக்கு, என்று நினைத்தாள். இறக்கு, இறக்கு. கை ஒரு கணம் நின்றது. காது கொடுத்துக் கேட்கிறது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அதற்குள் பந்து போய்விட்டது. படாரென்று நீலப் பந்தை அடித்தது. நீலம் உருண்டு உருண்டு களத்தின் மூலைக்குப் போயிற்று. அரங்கம் கூரை பிய்ந்துகொள்ளும்படி ஆரவாரம் செய்தது.

அந்தச் சத்தத்தின் நடுவில் செண்பா தனியாக இருந்தாள். இனிமேல் நானும் இதைத்தான் நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

நடுவரம்மா வந்து குனிந்தார். "உங்கள் பந்தா?"

இந்திய அணி வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை இருந்தது. பேசாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் இத்தனை வருடமாக அவள் ஊரோடு மல்லுக்கு நின்றது கோப்பைக்காக அல்ல. பந்து அவளுடையது என்பதற்காக. இந்தப் பந்தை வாங்கிக்கொண்டால், மதினியோடு ஆடிய பழைய பந்துகள்கூடக் கையைவிட்டுப் போய்விடும். மாமா சொன்னது உண்மையாகிவிடும்.

"என் பந்து இல்ல" என்றாள்.

"என் பந்து" என்றது பெட்டி.

கைதட்டல் மறுபடி எழுந்தது. செண்பா தலையை வெட்டி வெட்டி ஆட்டினாள். சந்தோஷத்தில் அவள் உடம்பு அப்படித் துள்ளுவது வழக்கம்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் மூச்சை நன்றாக இழுத்தாள். வாக்கியமே வேண்டாம், ஒரே சொல். "இல்ல!"

"இல்லை" என்றது பெட்டி.

அரங்கம் அடங்கியது. யுகேந்திரன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். "மேடம், பெட்டியில ஏதோ கோளாறுங்க. முதல்ல என் பந்துன்னு சொன்னாங்க, கேட்டீங்கல்ல? அவங்க நினைச்ச பந்தும் போன பந்தும் ஒண்ணுதான்னு கருவியில பதிவாகியிருக்குதுங்க, பாருங்க." அவன் பொய் சொல்லவில்லை. திருத்தியதற்குப் பிறகுதான் கருவி பதிவு செய்யும் என்று அவனுக்கே அப்போது நினைவுக்கு வரவில்லையோ என்னவோ.

"பெட்டியை நிறுத்துங்கள்" என்றார் நடுவரம்மா. "இவர்கள் பேச்சு புரிகிற ஆள் யாராவது வந்திருக்கிறார்களா?"

பேச்சித்தாய் ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தாள். களத்துக்குள் வந்து செண்பாவின் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள். அழுது அழுது கண் சிவந்திருந்தது. அத்தனையும் ஆனந்தக் கண்ணீர்.

அவளைப் பார்த்ததும் செண்பாவுக்கு அப்பாடா என்று இருந்தது. இனிக் கவலை இல்லை. இவளிடம் ஒரு வாலும் தொலையாது.

"சொல்லுட்டி" என்றாள் மதினி.

செண்பா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "என் பந்து இல்ல மதினி. நான் தட்டத்தான் நெனச்சேன். அதுவா அடிச்சிருச்சு. நான் போடல."

மதினியின் கண்கள் அவள் உதட்டை விட்டு நகரவில்லை. கடைசி எழுத்து வரை இருந்தன. புரிந்துவிட்டது. புருவம் சுருங்கியதைச் செண்பா கண்ணெதிரே பார்த்தாள். மதினி மூலையில் கிடந்த நீலப் பந்தைத் திரும்பிப் பார்த்தாள். மேலே தொங்கிய இந்தியக் கொடியைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். வேன் ஸ்டியரிங்கைப் பிடித்துப் புதுசாகக் காய்த்திருந்த கைகள் அவை.

"என்னம்மா சொல்கிறார்கள்?" என்றார் நடுவரம்மா.

பேச்சித்தாய் எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ பந்துதானாம்மா. சந்தோசத்துல என்ன பேசுதோம்னு தெரியாம ஒளறிட்டேன்னு சொல்லுதா."

செண்பா கத்தினாள். தொண்டையில் இருந்த அத்தனை பலத்தையும் கூட்டிக் கத்தினாள். சொல்லாக இல்லை, வெறும் சத்தமாகத்தான் வந்தது. அரங்கத்தில் இருந்தவர்கள் அதைக் கேட்டுக் கண்கலங்கி எழுந்து நின்று கைதட்டினார்கள். நடுவரம்மா எழுதிக்கொண்டார். நிமிஷாவின் அப்பா அப்போதுதான் களத்தின் பக்கம் திரும்பினார். மூலையில் கிடந்த தன் மகளின் பந்தைப் பார்த்தார். பிறகு செண்பாவிடம் வந்து தோளைத் தொட்டு, "நல்ல பந்து மோளே" என்றார். அதற்கு அவள் பதில் சொல்ல நினைத்தது எதையும் அங்கே எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

பரிசளிப்புக்கு நேரமிருந்தது. உடை மாற்றும் அறையில் மதினி அவளுக்குத் தலை வாரினாள். கதவைச் சாத்திவிட்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வாரினாள். ஒங்கண்ணன் போன்ல அழுதுட்டாவ என்றாள். ஊரில் பேனர் கட்ட ஆரம்பித்துவிட்டார்களாம் என்றாள். திங்கட்கிழமை வேன் எடுக்க வேண்டும், லீவு கேட்டால் தர மாட்டார்கள் என்றாள்.

"எத்தன வருசமா ஒனக்கு முதுகக் காட்டியே உக்காந்திருந்தேன்" என்றாள் திடீரென்று. "இன்னைக்குத்தாம்ட்டி நீ வெளாடுறதக் கண்ணால பாத்தேன். நாம் பாத்தது ஒன் ஆட்டந்தான். அப்படித்தான் நான் வச்சிக்கிடப் போறேன்."

ஜடையை இறுக்கிப் பின்னி ரப்பர் பேண்டு போட்டாள். முன்னால் வந்து நெற்றியில் பொட்டு வைத்தாள். செண்பாவின் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

செண்பா கழுத்தை நிமிர்த்தி, மதினியின் முகம் தன் முகத்துக்கு நேராக வரும்வரை காத்திருந்தாள். பெட்டி மேசை மேல் அணைந்து கிடந்தது. அறையில் வேறு ஒருவரும் இல்லை. மூச்சை இழுத்து, ரெண்டே வார்த்தை கேட்டாள்.

"ஏன் மதினி?"

பேச்சித்தாயின் கை அப்படியே நின்றது. செண்பாவின் உதட்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, சீப்பில் சுற்றியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்து உருட்டினாள்.

"என்ன சொல்லுத?" என்றாள். "ஒண்ணும் புரியலையே."

மேசையிலிருந்து பெட்டியை எடுத்து வந்து செண்பாவின் கழுத்தில் மாட்டினாள். பொத்தானை அமுக்கினாள்.

"இதுல சொல்லு" என்றாள்.